ஆரணி குப்புசாமி முதலியார் தேர்ந்த வழி

ஆரணி என்றவுடன் பட்டுச் சேலையே பலருக்கும் நினைவிற்கு வரும். கமண்டல நாகநதிக் கரையிலுள்ள அவ்வூர், வரலாறு கற்றார்க்கு 1751ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மராத்தியர் துணையுடன் கிளைவு இராசா சாகிபின் படையை முறியடித்த களமாகவும், நெடுங்காலம் மராத்திய சாகீர்தாரர் ஆண்ட சாகீரின் தலைநகராகவும் தோன்றும். தமிழிலக்கிய வரலாற்றிலும் அவ்வூர்க்கு ஓர் இடமுண்டு. தம் பெயர்க்கு முன் அவ்வூரின் பெயரைத் தாங்கி, ஏறத்தாழ 75 நாவல்கள் எழுதியவர் எனப் பொதுவாகக் கூறப்படும் ஆரணி குப்புசாமி முதலியாரே அவ்விடத்திற்கு உரியவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறுபதுகளில் பிறந்து 1925இல் மறைந்தவர் அவர். எனினும் நம் இலக்கிய வரலாற்று நூல்களுட் பல அவரை ஒரு வரியில் கூறிக் கடந்து செல்கின்றன. சில அவ்வரியையும் கூறுவதில்லை. அவர் எவ்வகைச் சூழலில் எவ்வழியைத் தேர்ந்தார் என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

அவர் வளர்ந்து எழுதத் தொடங்கிய காலம் தமிழ்ப் புலமையின் மறுமலர்ச்சிக் காலம். 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் டாக்டர் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்டார். 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் தோன்றியது. தமிழறிந்த ஒருவர் பழைய நூலை ஆராய்தல் வேண்டும். அன்றேல் அந்தாதியும் பிள்ளைத்தமிழும் தலபுராணமும் பாடுதல் வேண்டும் என்பதே அன்றைய எதிர்பார்ப்பு. உரைநடையில் கதை எழுதுதல் புலமைக்கு உரிய தொழிலாகக் கருதப்படவில்லை. 1879இல் வெளிவந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரமும், 1896இல் நூலாக வந்த இராஜமையரின் கமலாம்பாள் சரித்திரமும், 1898இல் வந்த மாதவையாவின் பத்மாவதி சரித்திரமும் அவ்வெதிர்ப்பைக் கடந்து மதிப்புப் பெற்றன. அவற்றில் அறிவுரையும் சமய உணர்வும் சமூகச் சீர்திருத்த நோக்கமும் இருந்தமையால் கற்றோர் அவற்றை ஏற்றல் எளிதாயிற்று.

குப்புசாமி முதலியார் தேர்ந்தது அவ்வழியும் அன்று. கொலை, களவு, ஆள்மாறாட்டம், மறைந்த உயில், துப்பறிதல் ஆகியவையே அவர் கதைகளின் பொருள். இரத்தினபுரி இரகசியம், மின்சார மாயவன், கற்பகச் சோலையின் அற்புதக் கொலை என்னும் தலைப்புக்களே அவர் கருதிய வாசகர் யார் என்பதை உணர்த்தும். மூலங்களோ மேனாட்டவை. ரெயினால்ட்ஸ், கானன் டாயில் போன்றோரின் கதைகளை எடுத்து, ஊரும் பேரும் உடையும் உறவுமுறையும் மாற்றித் தமிழ்க்கதையாக்கினார். துப்பறியும் கதை தமிழுக்கு அவர் கொணர்ந்த புதுமையன்று; 1894இலேயே நடேச சாஸ்திரியார் தானவன் என்னும் போலீஸ் நிபுணனைப் பற்றிய நூலை வெளியிட்டுவிட்டார். ஆனால் சாஸ்திரியார் பல துறைகளில் உழைத்தவர்; அவருக்கு அஃது ஒரு கிளை. முதலியார்க்கோ கதையே முழுத்தொழில் ஆயிற்று.

இக்கதைகளுக்கு எதிராக எழுந்த குற்றச்சாட்டுக்கள் பல. நாவல் வாசிப்பு இளைஞரைக் கெடுக்கும் என்றும், பெண்டிரின் மனத்தைக் கலைக்கும் என்றும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கற்றோர் பலர் அஞ்சினர். அந்நாளைய கண்டனங்களைத் திரட்டி ஆ. இரா. வேங்கடாசலபதி தம் நாவலும் வாசிப்பும் என்னும் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். பெண்களுள் எழுத்தறிந்தோர் 1901இல் சென்னை மாகாணத்தில் நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவையே ஒட்டியிருந்தனர் என்பதை நோக்கின், அவ்வச்சம் நடப்பினும் பெரிதாயிருந்தது எனலாம். அவ்வொருவர் கையில் முதலில் எந்நூல் சென்று சேரும் என்பதே உண்மையில் அன்றைய வினா.

மற்றொரு குற்றச்சாட்டு வலிமையுடையது: இவை தழுவல்கள், ஆசிரியர்க்குரிய சொந்தச் சரக்கு இவற்றில் இல்லை. இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. பின்னர் முப்பதுகளில் புதுமைப்பித்தன் தழுவலைக் கடுமையாகச் சாடி, மொழிபெயர்ப்பே நேர்மையான முறை என வாதிட்டமையும் அறிஞர் அறிவர். ஆயினும் ஒரு செய்தியை ஈண்டு மறத்தலாகாது. 1911இல் மறைமலையடிகள் வெளியிட்ட குமுதவல்லி நாகநாட்டரசி, அதே ரெயினால்ட்ஸ் எழுதிய லைலா என்னும் கதையின் தழுவலே. தனித்தமிழ் இயக்கத்தின் தந்தையும், ஆரணியாரும் ஒரே ஆங்கில ஆசிரியரிடம் சென்றனர். ஒருவர் நூலைப் புலவருலகம் போற்றிப் பாதுகாத்தது. மற்றவர் நூல்களைத் தரங்குறைந்தவை எனத் தள்ளியது. நடைவேறுபாடு இதற்கொரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ளலாம். அடிகளின் தமிழ் வளமும் ஒழுங்கும் வேறு. விரைந்து கதைசொல்லும் முதலியாரின் வடசொற் கலந்த தமிழ் வேறு. ஆனால் தழுவல் என்பதே குற்றமாயின், அக்குற்றம் இருவர்க்கும் பொதுவன்றோ?

அந்த ரெயினால்ட்சின் நிலையும் கருதத்தக்கது. 1814இல் பிறந்து 1879இல் மறைந்த அவர், தொழிலாளர் வாக்குரிமை கோரிய சார்ட்டிஸ்டு இயக்கத்தவர். 1844 முதல் வாரந்தோறும் ஒரு பென்னி விலையில் அவர் வெளியிட்ட இலண்டன் மர்மங்கள் பெருந்திரளான மக்களைக் கவர்ந்தது. ஆங்கிலப் புலவரும் அவரை மதித்திலர். டிக்கன்சும் தாக்கரேயும் பெற்ற இடம் அவருக்கு அந்நாட்டு இலக்கிய வரலாற்றில் இன்மையும், இந்திய மொழிகளிலோ அவர் பெயர் வீடுதோறும் வழங்கியமையும் ஒப்பியல் ஆராய்ச்சிக்கு உரிய நல்ல பொருள்.

ஆரணித் தறியில் ஏறும் கச்சாப் பட்டு கருநாடகத்திலிருந்து வருவது. சரிகை சூரத்திலிருந்து வருவது. அதனால் சேலையை ஆரணிச் சேலை அன்று என எவரும் கூறார். இவ்வொப்புமை முதலியார்க்கு ஓரளவே பொருந்தும். நூல் வந்த இடத்தை நெசவாளர் மறைப்பதில்லை. மூல ஆசிரியர் பெயரைக் கூறும் வழக்கமோ அக்காலத் தழுவலாசிரியரிடையே ஒருசீராக நிலைபெறவில்லை. இக்குறையை மூடிமறைத்து அவரைப் புகழ்தல் ஆராய்ச்சியாகாது.

1915இல் நாகவேடு முனுசாமி முதலியார் சென்னையில் ஆனந்த போதினி என்னும் திங்களிதழைத் தொடங்கினார். அதன் ஆசிரியப் பொறுப்பு குப்புசாமி முதலியார்க்கு வாய்த்தது. இதுவே அவர் வாழ்வின் பெருந்திருப்பம். தனி நூலாக வாங்க இயலாதவர்க்கும் இதழ்வழிக் கதை சென்றது. அடுத்த திங்கள் வரை காத்திருக்கும் வாசகர் கூட்டம் ஒன்று உருவாயிற்று. வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஜே. ஆர். ரங்கராஜுவும் இதே களத்தில் நின்றோர். 1925இல் ஜகன்மோகினியை ஏற்று நடத்தத் தொடங்கிய வை. மு. கோதைநாயகி அம்மாள் இவ்வாசகரிடையே, சிறப்பாகப் பெண்டிரிடையே, தமக்கென ஓர் இடம் பெற்றார். அவ்வாண்டிலேயே முதலியார் மறைந்தார். பிற்கால எழுத்தாளர் பலர் தம் இளமை வாசிப்பை நினைவுகூரும்போது ஆரணியார், வடுவூரார் என இருபெயரையும் ஒருமூச்சிற் கூறுவர். பின் அவ்வாசிப்பைத் தாம் கடந்து வந்துவிட்டதாகவும் சேர்த்துக் கூறுவது வழக்கம்!

க. நா. சுப்ரமண்யம் முதல் ஐந்து தமிழ் நாவல்களைத் தேர்ந்து ஆராய்ந்தபோது அவ்வைந்தில் முதலியாரின் நூல் ஒன்றும் இடம்பெறவில்லை. கலைத்தரமே அளவுகோலாயின் அத்தேர்வு தவறன்று. இராஜமையரின் முத்துசாமி ஐயர், அம்மையப்ப பிள்ளை போன்ற மாந்தரை முதலியார் நூல்களில் தேடுதல் வீண். ஆனால் அச்சிட்ட உரைநடையை மௌனமாகத் தனியே படிக்கும் பழக்கம் தமிழரிடையே எவ்வாறு பரவிற்று என்னும் வினாவிற்கு விடைகாண, கமலாம்பாளைக் காட்டிலும் இரத்தினபுரி இரகசியமே மிகுதியான சான்று தரும். இலக்கியத் தரமும் இலக்கிய வரலாறும் வேறு வேறு அளவுகோல்களை வேண்டுவன. அவற்றை ஒன்றெனக் கொண்டமையே நம் வரலாற்று நூல்களின் குறை என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

இத்தகைய வெகுமக்கள் நூல்களைப் பழைய பதிப்பில் காண விரும்பும் மாணவர் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை நாடுதல் வேண்டும். ஓலைச்சுவடியும் சங்கநூற் பதிப்பும் தேடிய நிறுவனங்கள் குப்பையெனக் கருதியவற்றையும், மேலட்டையையும் விளம்பரத்தையும் அழைப்பிதழையும்கூட, கோட்டையூரில் தம் கைப்பொருள் கொண்டு திரட்டி வைத்தவர் ரோஜா முத்தையா செட்டியார். அவர் விளம்பரப் பலகை எழுதும் தொழில் நடத்தியவர். அவர் மறைவுக்குப் பின் சிக்காகோப் பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. 1994இல் அது சென்னையில் நூலகமாயிற்று.