பழைய ஜூம் வில்லைகளில் துளை அளவு முரண்பாடு

துளை அளவு முரண்பாடு என்பது, ஒளிப்படக்கருவி காட்டும் எஃப் எண், வில்லையின் வளையத்தில் வைத்த எண்ணுடன் பொருந்தாதிருத்தலையும், ஜூம் செய்யும்போது அது தானாக மாறுதலையும் குறிக்கும். துளை என்பது பேச்சு வழக்கில் அப்பெர்ச்சர் எனப்படுகிறது. முரண்பாட்டுக்கான காரணங்கள் ஒளியியல், தகவல் தொடர்பு, இயந்திர அமைப்பு என மூவகைப்படும். இவற்றுள் முதல் வகை பழுதன்று. இதனை அறியாமல் நல்ல வில்லைகள் பலவும் பழுதானவை எனக் கருதப்படுவதுண்டு.

## ஒளியியல் காரணம்

குவியத்தூரத்தை, வில்லையின் முன்புறமிருந்து பார்க்கும்போது தெரியும் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது எஃப் எண் ஆகும். 70–210 மி.மீ., எஃப்/4–5.6 எனக் குறிக்கப்பட்ட வில்லையில், 70 மி.மீ. நிலையில் இவ்விட்டம் 17.5 மி.மீ. ஆகும். 210 மி.மீ. நிலையிலும் எஃப்/4 கிடைக்க 52.5 மி.மீ. விட்டம் தேவை. ஆனால் வில்லை தருவது 37.5 மி.மீ. மட்டுமே, எனவே எண் 5.6 ஆகிறது, ஒளி பாதியாகக் குறைகிறது.

35 மி.மீ. ஒளிப்படக்கருவிகளுக்கான முதல் ஜூம் வில்லையான வோய்க்லாண்டர் ஜூமார் (1959, 36–82 மி.மீ.) முழு நீளத்திலும் எஃப்/2.8 தந்தது. எடையையும் விலையையும் குறைக்கும் பொருட்டுப் பின்னர் மாறும் துளை கொண்ட வில்லைகள் பரவலாயின.

கருவியின் ஒளிமானி வில்லையின் வழியே வரும் ஒளியையே அளப்பதால், இம்மாற்றம் தானாக ஈடுசெய்யப்படுகிறது. கையில் பிடிக்கும் ஒளிமானியையும், மாறா ஆற்றலில் வைத்த ஃபிளாஷையும் பயன்படுத்தும்போதே படம் கெடும். எடுத்துக்காட்டாக, கள்ளக்குறிச்சி மாவட்டம் எலவனாசூர்கோட்டையில் உள்ள கோயில் கல்வெட்டு ஒன்றை ஃபிளாஷ் ஒளியில் பதிவு செய்வதாகக் கொள்வோம். வளையத்தை 8இல் வைத்து, 70 மி.மீ. நிலையில் சுவர் முழுவதையும், அதே இடத்திலிருந்து 210 மி.மீ. நிலையில் எழுத்துகளையும் எடுத்தால், இரண்டாவது படத்தில் உண்மையான துளை எஃப்/11 ஆகிவிடும். படம் இருண்டு, தேய்ந்த எழுத்துகள் படிக்க இயலாமல் போகலாம். வளையத்தை 5.6க்குத் திறந்தால் இது சரியாகும்.

## தகவல் தொடர்புக் காரணங்கள்

* நிக்கான்: 1977இல் அறிமுகமான ஏ.ஐ. முறையில் வளையத்தின் நிலை இயந்திர இணைப்பின் வழியே கருவிக்குத் தெரிவிக்கப்படுகிறது. சில்லு இல்லாத வில்லையின் பெருமத் துளையை டி200, டி300, டி700 போன்ற கருவிகளில் பயனரே பதிய வேண்டும். பதிந்த எண் ஜூம் செய்யும்போது மாறாது. எனவே மாறும் துளை வில்லையின் மறுமுனையில் பிழையான எண் தோன்றும். பதியாவிடில், முழுத்துளையிலிருந்து எத்தனை படிகள் குறைந்துள்ளன என்பதை மட்டும் ‘டெல்டா எஃப்’ (ΔF) குறியுடன் காட்டும். சில்லு உள்ள வில்லையின் வளையம் மிகச்சிறிய துளையில் (பெரிய எண்ணில்) பூட்டப்படாவிடில் ‘எஃப்-ஈ-ஈ’ என்ற குறி வரும்.
* கேனான்: 1987இல் வெளியான ஈ.எஃப். வில்லைகளில் துளை வளையம் இல்லை. வில்லையினுள் உள்ள மின்னோடியே துளையை இயக்குகிறது. முழுத்துளையில் படம் பதிவாகி, சிறிய துளையில் மட்டும் பிழைக்குறி வந்தால் துளைப் பகுதியோ அதன் மின்னிழைப் பட்டையோ பழுதாகியிருக்கலாம். ஜூம் நிலையைப் பொறுத்துப் பிழை வந்து மறைவது, பட்டை முறிந்திருப்பதன் அறிகுறி.
* இணைப்பு வளையங்கள்: மின் தொடுமுனை இல்லாத இணைப்பு வளையம் வழியாகப் பொருத்திய வில்லையின் துளை எண்ணைக் கருவி அறிய இயலாது. இது பழுதன்று.

## இயந்திரக் காரணம்

வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைத்த வில்லையில், வெப்பத்தால் மசகு இளகித் துளைத் தகடுகளில் எண்ணெய் படரக்கூடும். அப்போது தகடுகள் ஒட்டிக்கொண்டு மெதுவாக மூடும். திரையில் எண் சரியாக இருக்கும். ஆனால் படம் அளவுக்கு மீறி வெளுக்கும். முழுத்துளையில் இக்குறை தெரியாது. எஃப்/11, எஃப்/16 ஆகியவற்றில் மிகுதியாகத் தெரியும். நெடுநாள் பயன்படுத்தாத வில்லையில் முதல் படம் கெட்டு, அடுத்தவை சீராகலாம்.

## சோதிக்கும் முறை

1. வில்லையின் மேல் அச்சிட்ட எண்களைப் பார்க்க வேண்டும். இரு எஃப் எண்கள் இருப்பின், அவ்வெல்லைக்குள் நிகழும் மாற்றம் இயல்பானது.
2. ஜூம் வளையத்தை அசைக்காமல் எண்ணைக் கவனிக்க வேண்டும். அப்போதும் எண் அலைந்தால் தொடுமுனைகளை ஐயுறலாம்.
3. கருவியை அணைத்து வில்லையைக் கழற்றி, தொடுமுனைகளை நூல் பிரியாத உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். உப்புத்தாளால் தேய்த்தால் முலாம் போய்விடும்.
4. மாறாத ஒளியில் ஒரு சுவரை எஃப்/5.6, 1/500 நொடி, எஃப்/8, 1/250, எஃப்/11, 1/125, எஃப்/16, 1/60 என எடுக்க வேண்டும். நான்கும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் அமைய வேண்டும். துளை சிறுக்கச் சிறுக்கப் படம் வெளுத்தால் தகடுகள் ஒட்டுகின்றன எனலாம்.
5. அதே வில்லையை வேறொரு கருவியில் பொருத்திப் பார்த்தால் குறை எதனுடையது எனத் தெளிவாகும்.

தகடுகளில் எண்ணெய் தெளித்தல் கூடாது. அவை உலர்ந்த நிலையில் இயங்குமாறு அமைக்கப்பட்டவை. அவற்றைத் துப்புரவு செய்ய வில்லையைப் பிரிக்க வேண்டியிருப்பதால், அதனைப் பழுதுபார்ப்போரிடம் விடுதல் நன்று.

## இவற்றையும் பார்க்க

* எஃப் எண்
* குவியத்தூரம்
* ஒளிமானி