மலைக்கு வழிகாட்டிய யோகியர் நால்வர்

கடற்கரை மணலிற் பிறந்து வளர்ந்தவர் யாம். பெரியநீலாவணை தொடங்கிப் பொத்துவில் வரையும் எமது ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கடலோரத்தே கிடக்கின்றன. பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தமிழூரும் முஸ்லிம் ஊரும் பாய் இழைத்தாற்போல் மாறிமாறி வருகின்றன. இந்நிலத்தில் தென்னையினும் உயர்ந்த பொருள் வேறில்லை. மலையென்பது எமக்கு வயல்வெளிக்கப்பால் விடியற்காலையில் மேற்கே தோன்றி, வெயில் ஏறியதும் மறைந்துவிடும் ஒரு நீலக்கோடு. ஆகவே, மலையேற்றத்தின் வரலாற்றை எழுத இவ்விளைஞர்க்கு என்ன தகுதி என்று பெரியோர் கேட்பாராயின், அக்கேள்வி நியாயமானதே. ஆயினும் சென்ற ஆண்டு சிவனொளிபாதமலைக்கு யாம் எண்மர் சென்று வந்தோம். அச்செலவிலே எழுந்த ஒரு வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

மிஷன் பாடசாலையிற் பயின்ற காலத்தில், மலையேற்றம் மேனாட்டார் கண்ட கலை என்றே யாம் எண்ணியிருந்தோம். 1336ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆந் திகதி இத்தாலியப் புலவர் பெற்றார்க்கா தம் தம்பியோடு பிரான்சு நாட்டு வெந்தூ மலையில் ஏறினார் என்றும், உச்சியைக் காணும் ஆசை ஒன்றினாலேயே மலையேறியவருள் அவரே முதல்வர் என்றும் படித்தோம். அம்மலையின் உயரம் ஏறத்தாழ 1,900 மீற்றர். வழியில் ஓர் ஆட்டிடையர் அவரை எதிர்ப்பட்டு, ஏறவேண்டாம் எனத் தடுத்தாராம். தடுத்தவரை அன்றி வழிகாட்டியவரை அவ்வரலாற்றில் யாம் காணவில்லை.

பிற்காலத்தே மேனாட்டு மலைகளிலும் வழிகாட்டிகள் தோன்றினர். மோன்பிளாங் மலையடியிலுள்ள சமோனி என்னும் ஊரில் 1821ஆம் ஆண்டு வழிகாட்டிகள் தமக்கென ஒரு சங்கமே அமைத்தனர். ஆயினும் பெயரும் புகழும் பெரும்பாலும் கூட்டிச் செல்லப்பட்டவரையே சேர்ந்தன. 1953ஆம் ஆண்டு மே 29ஆந் திகதி எவரெஸ்டு உச்சியில் இருவர் நின்றனர். ஹிலறிக்குச் 'சேர்' பட்டம் கிடைத்தது; டென்சிங்கிற்குக் கிடைத்தது ஜோர்ஜ் பதக்கம். ஒரே உச்சியில் ஒரே நாளில் நின்றவர்க்கு இரு வேறு அளவுகோல்! பாடசாலையில் இதனைப் பற்றி எவரும் கேள்வி எழுப்பவில்லை, யாமும் எழுப்பவில்லை.

இனி எமது நாட்டிற்கு வருவோம். பெற்றார்க்கா வெந்தூ மலையேறி எட்டாண்டுகளின் பின்னர், 1344ஆம் ஆண்டில், மொறோக்கோ நாட்டுத் தஞ்சியர் நகரத்தவரான இப்னு பதூதா மாலைதீவிலிருந்து கப்பலேறினார். ஒன்பது நாட் கடலோட்டத்தின் பின்னர் வானத்திலே புகைத்தூண்போல நின்ற சரந்தீவின் மலையைக் கண்டார். அதுவே 2,243 மீற்றர் உயரமுள்ள எமது சிவனொளிபாதம். சிங்கள மக்கள் அதனைச் சிறீபாத என்பர். எமது முஸ்லிம் அயலவர் பாவாத மலை என்பர். ஒரு கல்லிலே பதிந்த ஒரு சுவட்டினைச் சைவர் சிவன் பாதமென்றும், பௌத்தர் புத்தர் பாதமென்றும், முஸ்லிம்கள் ஆதிபிதா ஆதமின் பாதமென்றும் போற்றுவதை உலகறியும்.

கப்பல் புத்தளக்கரையை அடைந்தபோது அங்கு ஆட்சி செலுத்தியவர் ஆரியச் சக்கரவர்த்தி, யாழ்ப்பாணத்துத் தமிழ் மன்னர். அம்மன்னர் பாரசீக மொழி அறிந்தவர் என்று இப்னு பதூதாவே கூறுகின்றார். வேற்று நாட்டு விருந்தினரை மூன்று நாள் உபசரித்து, உமக்கு வேண்டுவது யாது என்று மன்னர் வினவ, ஆதமின் பாதத்தைத் தரிசிப்பதன்றி வேறொன்றும் வேண்டேன் என்றார் அவர். மன்னர் ஒரு பல்லக்கையும் அதனைச் சுமப்போரையும் கொடுத்தார். ஆண்டுதோறும் அப்பாதத்தைத் தரிசித்துவரும் வழக்கமுடைய யோகியர் நால்வரையும், பிராமணர் மூவரையும், தம் பரிவாரத்தார் பதின்மரையும், உணவு சுமக்கப் பதினைவரையும் உடன் அனுப்பினார். இந்நாளில் மலையேறுவோர் பெரும்பணம் செலவிட்டு அமைக்கும் கூட்டத்திற்கு இக்கூட்டம் எவ்வகையிற் குறைந்தது?

எமது உள்ளத்தை மிகவுங் கவர்ந்தது அந்த யோகியர் நால்வர் பற்றிய ஒரு வரியே. அவர்கள் ஆண்டுதோறும் செல்பவர்கள், வழியறிந்தவர்கள். அதனாலன்றோ மன்னர் அவர்களைத் தெரிந்தெடுத்தார்! ஏறுபவர் முஸ்லிம், அனுப்பியவர் இந்து அரசர், முன்னே நடந்தவர் இந்து யோகியர், நாடோ பௌத்த நாடு.

மலைவழியைப் பற்றி அவர் கூறுவனவற்றைச் சற்று விரித்தே எழுதவேண்டும். மலைக்கு இரு பாதைகள் இருந்தன: ஒன்று பாபா பாதை, மற்றையது மாமா பாதை. பாபா என்றால் ஆதம், மாமா என்றால் ஹவ்வா அம்மையார். (எமது ஊர்ச் சிறுவர் மாமா பாதையைத் தாய்மாமனின் பாதை என்று கொண்டால் அவரைக் குறை கூறற்க!) மாமா பாதை இலகுவானது, இறங்குவோர் அதன்வழி இறங்குவர். அதன்வழி ஏறியவனை யாத்திரை செய்தவனாக எவரும் மதியார். பாபா பாதையோ கடினமானது. முன்னோர் பாறையில் படிகளைச் செதுக்கி, இரும்பு முளைகளை அறைந்து, அவற்றிலே சங்கிலிகளைத் தொங்கவிட்டிருந்தனர். சங்கிலிகள் பத்து: அடிவாரத்து வாயிலருகே இரண்டு, அதன்மேல் அடுத்தடுத்து ஏழு, பத்தாவது கலிமாச் சங்கிலி. அப்பெயர் வந்த காரணம் சுவையானது. அச்சங்கிலியை எட்டியவன் கீழே நோக்குவானாயின் விழுந்துவிடுவேனோ என்ற அச்சத்தால் தன்னையறியாமலே கலிமாச் சொல்லிவிடுவானாம். எம்முள் ஒருவர் அவ்விடத்தை ஒத்த செங்குத்தில் "முருகா, முருகா" என்று அலறியதை யாம் கேட்டோம். ஆகவே அப்பெயர்க் காரணத்தை ஐயுறோம்.

பத்தாஞ் சங்கிலிக்கு மேலே கிழிறு நபியின் குகை இருந்தது. யாத்திரிகர் தம் பொருள்களை அங்கு வைத்துவிட்டு உச்சிக்கு ஏறுவர். மூன்று நாள் அக்குகையிலே தங்கிக் காலையும் மாலையும் பாதத்தைத் தரிசிப்பர். இப்னு பதூதாவும் அவ்வாறே செய்தார். உச்சியில் நின்றபோது முகில்கள் தமக்குக் கீழே பரந்து மலையடியை மறைத்ததைக் கண்டார். பாதத்தின் நீளம் பதினொரு சாண் என்று அளவும் கூறுகின்றார். சீனர் அதன் பெருவிரலை வெட்டிக்கொண்டு போயினர் என்ற கதையையும் சேர்த்துக்கொள்கின்றார்.

அவர் சொல்லுவன அனைத்தையும் அப்படியே ஏற்க வேண்டுமென்று யாம் கூறவில்லை. சங்கிலிக்கும் குகைக்கும் இடையே ஏழு மைல் என்கிறார். அது எமது கால்களுக்குப் பொருந்தவில்லை. குரங்குகளுக்கு ஓர் அரசன் இருந்தானென்றும், அவன் இலைகளால் முடிசூடிக் கோலூன்றி நிற்பானென்றும் எழுதுகின்றார், நம்புவோர் நம்புக. அவர் இவற்றையெல்லாம் ஊர் திரும்பியபின் பெஸ் நகரில் இப்னு ஜுஸய் என்பவருக்கு வாய்மொழியாகக் கூற, 1355ஆம் ஆண்டில் நூல் முடிந்தது. பதினோராண்டு கழிந்த நினைவு. ஆயினும் அட்டை விடயத்தில் அவர் பொய் சொல்லவில்லை! புல்லிலும் மரத்திலும் இருந்து மனிதன்மேற் பாயும் அட்டைகளைப் பற்றியும், அதற்கெனக் கையில் எலுமிச்சங்காய் ஆயத்தமாய் வைத்திருக்கும் வழக்கத்தைப் பற்றியும் எழுதியுள்ளார். சாற்றைப் பிழிந்தால் அட்டை விழும். கடிவாயை மரக்கத்தியாற் சுரண்டுவர். அதனைப் பொருட்படுத்தாத ஒரு யாத்திரிகர் இரத்தம் வடிந்து இறந்தார் எனவும் கேள்வியுற்று எழுதுகின்றார்.

மலைவழி ஒரு நாளில் அமைந்ததன்று. முதலாம் விசயபாகு மன்னன் யாத்திரிகரின் உணவுக்கென ஊர்களை மானியமாக விட்டதை அம்பகமுவைக் கல்வெட்டுக் கூறும். நிசங்கமல்லனும் மலையேறி வழிபட்டான். இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சர் தேவபதிராசர் வழியிலே பாலங்கள் அமைப்பித்தார். சீதாவாக்கை முதலாம் இராசசிங்கன் மலையைச் சைவரிடம் ஒப்படைத்ததையும், பின்னர் கீர்த்திசிறீ இராசசிங்கன் அதனைப் பௌத்தரிடம் மீட்டளித்ததையும் சிலர் பெருமையாகவும் சிலர் குறையாகவும் பேசுவர். மலை யாருடையது என்ற வழக்கிலே எமக்கு ஆர்வமில்லை; யார் யாரை ஏற்றிவிட்டார் என்பதே எமது ஆராய்ச்சி.

அவ்வகையில் இப்னு பதூதா மற்றொரு செய்தியுந் தருகின்றார். பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷீராஸ் நகரத்துச் சூபி இப்னு கபீப் என்பவரே முஸ்லிம்களுக்கு இம்மலைவழியைத் திறந்துவிட்டார் என்பது அவர் கேட்ட வரலாறு. அதன்முன் முஸ்லிம்களை அந்நாட்டார் தடுத்து வந்தனராம். பின்னரோ முஸ்லிம் பக்கீர்களைத் தம் வீடுகளில் தங்கவைத்து, உணவளித்து, மதித்தனர் என்று நன்றியோடு எழுதுகின்றார். தடுத்ததையும் மறைக்கவில்லை, உபசரித்ததையும் மறைக்கவில்லை. நேர்மையான சாட்சி இவ்வாறன்றோ இருக்கவேண்டும்!

இனி எமது செலவைச் சொல்லவேண்டும். எண்மருள் எழுவர் இந்துக்கள். ஒருவர் சாய்ந்தமருது நண்பர், எம்மோடு பல்கலைக்கழகத்திற் பயில்பவர். புறப்படுமுன் எமது பெரியவர் ஒருவர், "அது சிவன்ர பாதம். அந்தப் பொடியனுக்கு அங்க என்ன வேலை?" என்றார். நண்பரின் மாமனாரோ, "கோயிலுக்குப் போற கூட்டத்தோட ஒனக்கு என்ன மனே?" என்றாராம். இருவரையும் யாம் குறை கூறோம். 1985லும் 1990லும் எமது கரையிலே தமிழரும் முஸ்லிம்களும் இழந்த உயிர்களையும் வீடுகளையும் கண்ணாற் கண்டவர்கள் அவர்கள். யாம் பின்பிறந்தவர்கள்; கேட்டறிந்தவர்களே.

யாம் செய்த பிழை வேறு. யாத்திரைக் காலம் மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசி வரை. விடுமுறையை நோக்கி யாம் சென்றதோ ஆவணி. மின்விளக்குகள் இல்லை, தேநீர்க்கடைகள் இல்லை, ஏறுவோரும் இல்லை. இரத்தினபுரிப் பக்கத்து நீண்ட பாதையைத் தெரிந்து, கைத்தொலைபேசியின் வரைபடமே போதுமென்று வழிகாட்டியின்றிப் புறப்பட்டோம். மழை பிடித்தது, தொலைபேசி நனைந்தது, அட்டைகள் ஏறின. இருட்டும் வேளையில் ஓடையொன்றின் வழியைப் பாதையென்று மயங்கி, பாசி படர்ந்த பாறைகளிலே கையூன்றித் தவழ்ந்து ஏறத் தொடங்கினோம். ஒருவர் சறுக்கி முழங்காலிற் காயப்பட்டார். மேலே போகவும் முடியவில்லை, கீழே இறங்கவும் துணிவில்லை.

அவ்வேளை கீழிருந்து ஒரு குரல் தமிழிற் கேட்டது. தோட்டத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஒரு முதியவர், விறகோடு திரும்புகையில் எமது கூச்சல் கேட்டு வந்தவர். "தம்பிகளா, அது தண்ணி போற வழி, ஆளு போற வழியில்ல. அப்படியே குந்துங்க, நான் வர்றேன்" என்றார். ஒவ்வொருவராகக் கைபிடித்து இறக்கினார். அன்றிரவு தம் லயத்துக் காம்பராவிலே எண்மருக்கும் இடமளித்தார். எலுமிச்சங்காயும் உப்பும் கொடுத்தார். எமது நண்பரின் பெயரைக் கேட்டறிந்ததும், தொழுவதற்கென்று ஒரு பாயைக் கழுவிய திண்ணையில் விரித்துவைத்தார். எவரும் அவரிடம் கேட்கவில்லை.

மறுநாள் விடியுமுன் அவரே முன்னடந்தார். உச்சியிற் சூரியோதயம் தெரியவில்லை, முகில் மூடியிருந்தது. மூடிய கதவின் முன்னே எழுவர் தேவாரம் பாடினோம். நண்பர் சற்று அப்பால் நின்று தம் முறைப்படி பிரார்த்தித்தார். முதியவர் இரும்புக் கைப்பிடியிற் சாய்ந்தபடி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பிய பின்னரே இப்னு பதூதாவின் நூலை யாம் முழுமையாகப் படித்தோம். அவர் வழியிற் கண்ட குகைகளின் பெயர்களை எழுதியுள்ளார். அக்குகைகளில் வாழ்ந்த அடியார்களின் பெயர்களையும் எழுதியுள்ளார். மன்னர் அளித்த முத்துக்களையும் மணிகளையும் பின்னர் மலையாளக் கரையிலே கடற்கொள்ளையரிடம் இழந்ததையும் எழுதியுள்ளார். யோகியர் நால்வரின் பெயர்கள் மட்டும் அந்நூலில் இல்லை. மாமா பாதையால் இறங்கித் தெற்கே தேவிநுவரைக் கோயிலையும் காலியையும் கொழும்பையும் கண்டு புத்தளத்திற்கு அவர் மீண்டார். மன்னர் உடனனுப்பிய அந்நால்வரும் எவ்விடத்தில் அவரிடம் விடைபெற்றனர் என்றும் சொல்லவில்லை.

யாம் விடைபெறும்போது முதியவருக்குப் பணம் கொடுக்க முயன்றோம், வாங்க மறுத்துவிட்டார். அவரது பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எமது சாய்ந்தமருது நண்பர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். வரும் தை மாதம், விளக்குகள் எரியும் காலத்தில், அவருக்கு ஒரு சாரமும் எமது ஊர்த் தயிர்ச்சட்டியும் கொண்டு மீண்டும் போவதாக இருக்கின்றோம். இம்முறை தாமும் வருவதாக எமது பெரியவர் சொல்லியிருக்கின்றார், முழங்கால் இடங்கொடுத்தால்.