மஜுபா மலையடியில் ஓர் எல்லை ஊர்

தென்னாப்பிரிக்க வரைபடத்தில் ஃபோல்க்ஸ்ரஸ்ட் என்னும் ஊரைத் தேடிப் பிடிப்பது சற்றுச் சிரமம்தான். டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடரை ஒட்டி, கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேல் அமைந்த சிற்றூர் அது. இரவில் கடுங்குளிர். அருகில் நிற்கும் மஜுபா மலையில் 1881 பிப்ரவரி 27ஆம் தேதி போயர் விவசாயிகள் பிரிட்டிஷ் படையை முறியடித்தனர். ஜெனரல் கோலி அங்கேயே மாண்டார். ஊர் உருவானது 1888இல். பெயருக்கு ‘மக்களின் இளைப்பாறுமிடம்’ என்று பொருள். நம்மவர்களுக்கு அங்கே இளைப்பாறல் கிடைக்கவில்லை என்பது வேறு கதை.

இந்த ஊர் அன்று டிரான்ஸ்வாலின் வாசல். எல்லைக்கு அந்தப் பக்கம் நேட்டால். அனுமதிச் சீட்டு இல்லாத இந்தியர் எல்லையைத் தாண்டினால் கைதுதான். 1908இல் காந்தி இந்த ஊர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். 1913 செப்டம்பரில் கஸ்தூரிபாவும் உடன் வந்தோரும் இங்கேயே கைதாகி 3 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றனர்.

எதற்காக இத்தனையும்? நேட்டாலில் ஒப்பந்தக் காலம் முடிந்தும் ஊர் திரும்பாத கூலிகள் ஆண்டுக்கு 3 பவுண்ட் தலைவரி கட்ட வேண்டும். மனைவிக்கும் வயது வந்த பிள்ளைகளுக்கும் தனித்தனியாக! வரி கட்ட வழியில்லாதவர் மறுபடியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியதுதான். சஞ்சிக்கூலி வரலாறு அறிந்த நமக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

1913 அக்டோபரில் பெரும்பாலும் தமிழர்களான 11 பெண்கள் நியூகாசல் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று பேசினர். வேலைநிறுத்தம் வெடித்தது. நவம்பர் 6ஆம் தேதி காலை 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் சார்ல்ஸ்டவுனிலிருந்து எல்லையை நோக்கி நடந்தனர். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஓர் அவுன்ஸ் சீனி, அவ்வளவுதான். சுட்டுவிடுவோம் என்று ஃபோல்க்ஸ்ரஸ்ட் வெள்ளையர் சிலர் மிரட்டியிருந்தனர். காந்தியின் ஜெர்மானிய நண்பர் காலன்பாக் முன்கூட்டியே அவர்களின் கூட்டத்திற்குப் போய்ப் பேசியிருந்தார். அன்று ஒரு குண்டும் வெடிக்கவில்லை. ஆனால் அந்தப் பயணத்தில் குளிர் தாங்காமல் ஒரு குழந்தை இறந்தது. ஓடையைக் கடக்கையில் தாயின் கையிலிருந்து நழுவிய இன்னொரு குழந்தை தண்ணீரோடு போயிற்று. அதன் பிறகும் அந்தத் தாய்மார்கள் நடந்தார்கள். வரலாற்று நூல்களில் தலைவர்களின் பெயர்கள் இருக்கின்றன. இந்தத் தாய்மார்களின் பெயர்களைத்தான் காணோம்.

அதே ஆண்டு டிசம்பரில் ஃபோல்க்ஸ்ரஸ்டில் தண்டனை பெற்றவர்களில் ஒருவர் ஜொகானஸ்பர்க் தமிழ்ப்பெண் தில்லையாடி வள்ளியம்மை. வயது 16ஐ எட்டவில்லை. மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளிவந்த அவர், 1914 பிப்ரவரி 22ஆம் தேதி உயிர்நீத்தார். சிறை சென்றதற்காக அவர் வருந்தவில்லை என்றும், மீண்டும் செல்லத் தயாராக இருந்தார் என்றும் காந்தி எழுதியிருக்கிறார்.

3 பவுண்ட் வரியை ஒழித்த சட்டம் அதே 1914இன் நடுப்பகுதியில் வந்தது. ஜூலையில் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்படும் முன், ஜொகானஸ்பர்க் பிராம்ஃபான்டைன் இடுகாட்டில் வள்ளியம்மைக்கும், 1909இல் சிறைக் கொடுமையால் மாண்ட நாகப்பனுக்கும் எழுப்பிய நினைவுக் கற்களைக் காந்தி திறந்து வைத்தார்.