மனநோயாளரும் மருத்துவமனையும்

வரலாறு என்றால் அரசர்கள் ஆண்ட ஆண்டுகளும் அவர்கள் நடத்திய போர்களுமே என்று மாணவர் பலர் எண்ணுவதுண்டு. நோயுற்ற ஏழை ஒருவன் மருத்துவரிடம் போய்ச் சேர்ந்த வழிக்கும் ஒரு வரலாறு உண்டு. மனநோயாளர் சென்ற அவ்வழியைப் பற்றியே நான் இங்குக் கூறப் புகுகிறேன்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துப் பரளச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். வானம் பார்த்த பூமி; கண்மாய் பெருகினால் விளைச்சல், இல்லையேல் கூலி வேலை. அத்தகைய ஊரில் ஓர் இளைஞன், பிறர் செவிக்கு எட்டாத குரல்களைக் கேட்கிறான். தாய் இட்ட சோற்றில் நஞ்சு இருப்பதாக அஞ்சுகிறான். இரவெல்லாம் உறங்காது திரிகிறான். பெற்றோர் அவனை எங்கே கொண்டு செல்வர்?

நூறாண்டுகளுக்கு முன்னர் அவர்களுக்கு மருத்துவமனை என்பது சென்னை ஒன்றே. அங்கே 1794-ஆம் ஆண்டில் வாலண்டைன் கானலி என்னும் மருத்துவர் சித்தசுவாதீனம் இழந்தோர்க்கென ஓர் இல்லம் நிறுவினார். 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் அரசாங்கமே 145 நோயாளருடன் ஒரு விடுதியைத் தொடங்கியது. 1912-ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளரைச் சேர்ப்பதற்கு மாஜிஸ்திரேட்டின் உத்தரவைப் பெரிதும் நாடியது. 1922-இல் அவ்விடுதி மனநோய் மருத்துவமனை என்று பெயர் பெற்றது. ஆயினும் மதில் மதிலாகவே நின்றது. பரளச்சி உழவன் அம்மதிலை அடைய ஒரு பகல், ஓர் இரவுப் பயணமும், அதற்குரிய பொருளும், நீதிமன்றத்தை அணுகும் துணிவும் வேண்டும்.

கோயிலும் தர்காவுமோ அண்மையில் இருந்தன. அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்திலேயே, பரளச்சியினின்று கடற்கரையை நோக்கிச் சென்றால் ஏர்வாடி தர்கா உண்டு. இந்துக்களும் முஸ்லிம்களும் அங்கு நோய் தீர வேண்டித் தங்கினர். அவர்கள் நம்பிக்கையைக் குறை கூறுவது என் நோக்கமன்று. நம்பி வந்தோரைக் காசுக்கு வைத்துக்கொண்ட தனியார் காப்பகங்கள் அவ்வூரில் பெருகின. அங்கே மனிதரைச் சங்கிலியால் பிணைத்தனர். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் அத்தகைய ஓலைக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. பிணைப்புண்டவர்களால் ஓட இயலவில்லை. இருபத்தெட்டு உயிர்கள் மாண்டன. சில நாட்களுக்குள் அக்காப்பகங்கள் மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசாங்கப் பொறுப்பில் வந்தனர். உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

அந்தச் சங்கிலிக்குக் காரணம் அறியாமை மட்டுந்தானா? மருத்துவம் தொலைவில் இருந்ததும் ஒரு காரணம் என்பதே என் கருத்து. இத்தனைக்கும் மருந்து அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே வந்துவிட்டது. 1952-இல் பாரிஸ் நகர மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்னும் மருந்தின் பயனைக் கண்டனர். அதன்பின் பல நோயாளர் வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாயினர். 1961 முதல் கீழ்ப்பாக்க மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை வகித்த டாக்டர் சாரதா மேனன், நோயாளர் வீடு திரும்பவும் தொழில் பயிலவும் வழி செய்தார். 1984-இல் அவர் சென்னையில் மனச்சிதைவு நோய்க்கென ஓர் ஆராய்ச்சி நிலையத்தையும் தோற்றுவித்தார். 1982-இல் தேசிய மனநலத் திட்டமும், 1996-இல் மாவட்ட மனநலத் திட்டமும் பிறந்தன. தமிழ்நாட்டில் அது திருச்சியில் தொடங்கிப் பிற மாவட்டங்களுக்கும் பரவிற்று. நோயாளன் மருத்துவரைத் தேடி அலைவதற்கு மாறாக, மருத்துவர் நோயாளனின் ஊர்ப்புறத்தை நாடிச் செல்வதே அதன் தத்துவம். விருதுநகரில் 2022-ஆம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதையும் இவ்வரிசையில் சேர்க்கலாம். 2017-ஆம் ஆண்டுச் சட்டமோ மனநோயாளரைச் சங்கிலியிடுவதை அறவே தடுத்துவிட்டது.

ஆயினும் வழி முற்றும் செப்பனிடப்பட்டுவிட்டதா? 2015-16-இல் பன்னிரண்டு மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, கடும் மனநோயுற்றோரில் ஏறக்குறைய நால்வரில் மூவர் சிகிச்சை பெறாமலே இருந்தனர். இன்னொன்றும் கருதத்தக்கது. கடும் மனநோயுடையோர் ஏனையோரினும் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாகவே இறக்கின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களுட் பலரைக் கொல்வது இருதய நோய், நீரிழிவு போன்ற உடல் நோய்களே. மனநோயாளன் நெஞ்சு வலிக்கிறது என்றால், அதுவும் பித்தின் பேச்சு என்று கேட்போர் தள்ளிவிடுகின்றனர். மருத்துவமனை அருகில் வந்தபின்னும், அவன் சொல்லை நம்பாமை அவனை வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது.

சாலை போடுவதும் மருத்துவரை நியமிப்பதும் அரசாங்கத்தின் கடன். இந்தக் கடைசித் தூரத்தைக் குறைப்பது அண்டை வீட்டார் கையிலும் உற்றார் கையிலும் உள்ளது. உங்கள் தெருவில் அத்தகைய ஒருவர் இருப்பின், அவர் மாதந்தோறும் மருந்து வாங்கச் செல்லும் நாளில் ஒருவர் துணையாகச் சென்று வரலாம். மருந்து தவறினால் நோய் திரும்பும். துணை இருந்தால் மருந்து தவறாது.