ஐ7 பெருசா, ஐ3 பெருசா? ஒரு பழைய மாணவனுக்குச் சொன்ன சரித்திரம்

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்துச் சாவகாசமாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் மகனோடு வீட்டுக்கு வந்தான். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்து, டெய்லராகி, இன்று பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறான். மகன் இப்போது காலேஜில் முதல் வருஷம். வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டான்.

"சார், நீங்கதான் ஒரு நாயம் சொல்லோணும். இவனுக்கு கம்ப்யூட்டர் எடுக்கோணுங்க. கடைக்காரரு ஐ7 பெட்டியப் பாதி வெலைக்குத் தர்றேங்கறாரு. இவன் அது வேண்டா, புதுசா ஐ3 எடுத்துக் குடுங்கறான். ஏனுங்க சார், ஏழு பெருசா, மூணு பெருசா? காசையும் அதிகமாக் கேக்கறான், நம்பரையும் கம்மியாக் கேக்கறான். எனக்கென்னமோ ஏமாத்தறானோன்னு இருக்குது."

பையன் முகம் சிவந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டுகிறது, ஆனால் பேசவில்லை. இரண்டு நாளாக அப்பனும் மகனும் பேச்சில்லையாம்.

நான் முப்பத்து மூன்று வருஷம் சரித்திரம் நடத்தியவன், கம்ப்யூட்டர் வாத்தியார் இல்லை. ஆனாலும் இந்தச் சண்டைக்கு விடை சரித்திரத்தில்தான் இருக்கிறது என்று அவனிடம் சொன்னேன். அன்று அரைமணி நேரத்தில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். உங்களில் பலர் இந்த வருஷம் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கப்போகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

பிராசசர் என்கிற சில்லு முதலில் கம்ப்யூட்டருக்காகச் செய்யப்பட்டதே அல்ல. பிசிகாம் என்ற ஜப்பான் கம்பெனி கால்குலேட்டருக்காகக் கேட்டது; அமெரிக்காவில் இன்டெல் செய்து கொடுத்தது. 4004 என்று பெயர், 1971 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. உள்ளே சுமார் 2300 டிரான்சிஸ்டர்கள். பத்து வருஷம் கழித்து, 1981 ஆகஸ்டில், ஐ.பி.எம். தன் மேசைக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தபோது அதற்குள் இன்டெல்லின் 8088 இருந்தது. இன்று நம் மேசை மேல் இருக்கும் பெரும்பாலான பெட்டிகள் அந்த வம்சம்தான்.

இங்கே ஒரு சங்கதியைக் கவனியுங்கள். ஒரே கம்பெனியை நம்பிச் சரக்கு எடுக்க ஐ.பி.எம். தயாராக இல்லை. நம் எக்ஸ்போர்ட்டர்கள் ஒரே சாயப்பட்டறையை நம்பி ஆர்டர் எடுக்க மாட்டார்கள் அல்லவா, அதே புத்தி. "இன்னொருவரும் இதே சில்லைச் செய்து தர வேண்டும்" என்று நிபந்தனை. அதனால் 1982-ல் இன்டெல் ஏ.எம்.டி. என்ற கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. இன்று கடையில் இன்டெல்லா ஏ.எம்.டி.யா என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்வி பிறந்த இடம் இதுதான். அங்காளி பங்காளி உறவு. சண்டையும் அந்த மாதிரியே வந்தது. 1985-ல் 386 வந்தபோது அதைச் செய்யும் உரிமையைத் தர இன்டெல் மறுத்துவிட்டது. வழக்கு வருஷக்கணக்கில் ஓடியது. 1991-ல் ஏ.எம்.டி. தானே ஒரு 386-ஐச் செய்து இறக்கியது. பெயரிலும் 386 என்றே போட்டது. எண்ணுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று அமெரிக்க நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால்தான் 586 என்று வரவேண்டிய சில்லுக்கு 1993-ல் பென்டியம் என்று பெயர் வைத்தார்கள்.

அதாவது இந்தப் பெயர்கள் நமக்கு வேகத்தை விளக்க வந்தவை அல்ல. பங்காளியைத் தடுக்க வேலி போட்டதில் வந்தவை.

நம் ஊர்ப் பக்கம் வருவோம். 1978-ல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டுப் போனது. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்த பிறகுதான் இறக்குமதி லேசானது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவினாசி ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீசுக்குப் போனபோது கண்ணாடி அறைக்குள் ஒரு 386 இருந்தது. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏ.சி. மனிதர்களுக்கு இல்லை, அதற்குத்தான். இன்வாய்சும் பேக்கிங் லிஸ்டும் போட்டார்கள். யாரும் எந்தப் பிராசசர் என்று கேட்டதில்லை. கிடைத்ததே பெரிது.

பென்டியத்தை உருவாக்கிய குழுவில் முன்னின்றவர் நம் நாட்டவர், வினோத் தாம். புனேயில் பிறந்து, டெல்லியில் இன்ஜினியரிங் படித்தவர். பென்டியத்தின் தந்தை என்றே பத்திரிகைகள் எழுதின. அவர் 1995-ல் இன்டெல்லை விட்டு நெக்ஸ்ஜென் என்ற சின்னக் கம்பெனிக்குப் போனார். அந்தக் கம்பெனியை ஏ.எம்.டி. வாங்கியது. 1997-ல் பென்டியத்துக்குப் போட்டியாக ஏ.எம்.டி. இறக்கிய கே6, அந்த நெக்ஸ்ஜென் வடிவமைப்பிலிருந்து வந்ததுதான். ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர் எதிர்க் கம்பெனிக்குப் போனால் பேட்டர்னும் கூடவே போகும் என்பது திருப்பூருக்குப் புதிதா என்ன.

பென்டியத்துக்கு ஒரு கெட்ட காலமும் வந்தது. 1994-ல் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர், சில வகுத்தல் கணக்குகளில் அது தப்பு விடை தருவதைக் கண்டுபிடித்தார். "சாதாரண ஆளுக்கு இது தெரியவே தெரியாது" என்ற மாதிரிதான் இன்டெல் முதலில் பேசியது. எதிர்ப்புக் கிளம்பியதும் கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றிக் கொடுத்தது, 47.5 கோடி டாலரைச் செலவுக் கணக்கில் எழுத வேண்டியதாயிற்று. ஒரு வாத்தியார் கணக்குப் போட்டுப் பார்த்ததால் வந்த வினை! எனக்கு ரொம்பப் பிடித்த கதை.

அப்புறம் வந்ததுதான் கிகாஹெர்ட்ஸ் பைத்தியம். 2000 மார்ச் 6-ந் தேதி ஏ.எம்.டி. 1 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. இரண்டு நாளில் இன்டெல்லும் தொட்டது. அந்த நவம்பரில் பென்டியம் 4 வந்தது. எண்ணைப் பெரிதாகக் காட்டத் தோதாக வடிவமைத்த சில்லு அது. ஒரு துடிப்புக்குச் செய்யும் வேலை குறைவு, துடிப்பு மட்டும் அதிகம். ஏ.எம்.டி.க்கு இது தர்மசங்கடம். தன் சில்லு 1.53 கிகாஹெர்ட்ஸில் ஓடி நல்ல வேலை செய்தாலும் வாங்குகிறவன் கண்ணுக்கு எண் சின்னதாகத் தெரிகிறது. அதனால் 2001-ல் அதற்கு "1800+" என்று பெயர் வைத்தார்கள்.

நானும் ஏமாந்தேன். 2002-ல் பி.எஃப். கடன் போட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். பெட்டி மேல் இருந்த எண் பெரிது என்ற ஒரே காரணம். மெமரி எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் சின்ன எண் போட்ட பெட்டி என்னுடையதைவிடச் சுறுசுறுப்பாக ஓடியது. கடன் அடைய மூன்று வருஷம். அந்த மடத்தனம் முழுக்க என்னுடையது.

சூடு தாங்காமல் அந்தப் பந்தயம் 4 கிகாஹெர்ட்ஸைத் தொடும் முன்னே படுத்துவிட்டது. 2006 ஜூலையில் இன்டெல்லே வழியை மாற்றிக் கோர் 2 டுயோவைக் கொண்டுவந்தது. எண் குறைந்தது, வேலை கூடியது. 2008-ல் கோர் ஐ7 வந்தது. ஐ5, ஐ3 எல்லாம் அடுத்தடுத்த வருஷங்களில். இந்த 3, 5, 7 என்பது ஒரே தலைமுறைக்குள் சின்னவன், நடுவன், பெரியவன் என்ற வரிசை மட்டுமே. தலைமுறை தாண்டினால் அந்த வரிசைக்கு அர்த்தம் கிடையாது.

இங்கே நிறுத்தி என் மாணவனிடம் கேட்டேன். "ஏப்பா, காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் பனியன் எடுக்கும்போது கழுத்தில் இருக்கிற வெளிநாட்டு லேபிளைப் பார்த்தா எடுப்பாய்?"

"லேபிளை யாருங்க பாப்பாங்க? துணியத் திருப்பித் தையலப் பாப்போம். ஜி.எஸ்.எம். பாப்போம். எந்த வருசத்துச் சரக்குன்னு கேப்போம்."

"அந்த ஐ7 எந்த வருசத்துச் சரக்கு?"

விழித்தான். பையன் போனை எடுத்துக் கடையில் பிடித்த படத்தைக் காட்டினான். ஐ7-3770. அது 2012-ல் வந்த சில்லு. பெரிய ஆபீஸ்களில் வருஷக்கணக்கில் ஓடிக் கழித்துக்கட்டிய பெட்டிகள் துடைத்து இப்படி விற்பனைக்கு வருகின்றன. பையன் கேட்ட ஐ3-12100 வந்தது 2022-ல். இரண்டிலும் நான்கு கோர், எட்டு த்ரெட். கிகாஹெர்ட்ஸும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: அது 3.9 வரை போகும், இது 4.3 வரை. காகிதத்தில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஓட்டிப் பார்த்தால் ஐ3 வெகுதூரம் முன்னே போய்விடும்.

எப்படி? நிட்டிங் மெஷினை நினைத்துக்கொள். ஆர்.பி.எம். ஒன்றாக இருந்தாலும் ஃபீடர் அதிகமுள்ள மெஷின் ஒரு சுற்றுக்கு அதிகத் துணி ஓட்டும். கிகாஹெர்ட்ஸ் என்பது ஆர்.பி.எம். மட்டும்தான், ஒரு சுற்றில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது தலைமுறைக்குத் தலைமுறை கூடிக்கொண்டே வருகிறது. கோர் என்பது எத்தனை டெய்லர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கணக்கு. வீடியோ எடிட் செய்வதென்றால் எல்லோருக்கும் வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம், பத்துப் பேர் இருந்தால் நல்லது. விளையாட்டில் அப்படிப் பிரியாது. ஓவர்லாக் அடித்து வராமல் பேட்லாக் அடிக்கிறவர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல, பெரும்பாலான வேலை ஒன்றிரண்டு பேரிடம் போய்த் தேங்கும். அங்கே ஆள் எண்ணிக்கையைவிட அந்த ஒரு டெய்லரின் கைவேகம் முக்கியம்.

கேஷ் என்று ஒன்று சொல்வார்கள். டெய்லர் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருக்கும் கட்டிங் பீஸ் கட்டு மாதிரி. கட்டு தீர்ந்தால் ஸ்டோருக்கு நடக்க வேண்டும், அந்த நேரம் மெஷின் நிற்கும். 2022-ல் ஏ.எம்.டி. ரைசன் 7 5800எக்ஸ்3டி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. எட்டுக் கோர்தான்; கிகாஹெர்ட்ஸ் அதற்கு முந்தைய 5800எக்ஸைவிடக் குறைவு. ஆனால் கேஷை மட்டும் சில்லின் மேல் மாடி கட்டியதுபோல் அடுக்கி 96 எம்.பி. ஆக்கினார்கள். விளையாட்டில் அது தன்னைவிடப் பெரிய எண்களையெல்லாம் முந்தியது. அதோடு, அது 2017-ல் ரைசன் வந்த அதே ஏ.எம்.4 சாக்கெட்டில் உட்காரும். பழைய மதர்போர்டு வைத்திருந்தவர்கள் பலர் பயாசை மட்டும் புதுப்பித்துக்கொண்டு சில்லை மாற்றிப் போட்டார்கள். மெஷின் ஹெட்டை மட்டும் மாற்றிக்கொண்டு ஸ்டாண்டையும் மோட்டாரையும் வைத்துக்கொள்வதைப் போல. பிராசசர் வாங்கும்போது அந்தச் சாக்கெட்டுக்கு இன்னும் எத்தனை வருஷம் புதுச் சில்லு வரும் என்று கேட்க வேண்டும் என்பது இதனால்தான்.

ரைசன் வந்ததில் இன்டெல் வாங்குகிறவர்களுக்கும் லாபம். அதுவரை ஏறக்குறைய பத்து வருஷம் இன்டெல் சாதாரண வீட்டுப் பெட்டிக்கு நான்கு கோருக்கு மேல் கொடுக்கவே இல்லை. 2017-ல் ஏ.எம்.டி. எட்டுக் கோரைக் கொண்டுவந்ததும் அதே வருஷக் கடைசியில் இன்டெல் ஆறுக்குப் போனது. பெரியதை வாங்கினால் நிம்மதி என்பதும் எப்போதும் உண்மையில்லை. இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை மேல்தட்டுச் சில்லுகள் சில தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டுத் தாமே பழுதாயின. 2024-ல் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு வருஷம் நீட்டினார்கள். அதே தலைமுறையின் சின்ன ஐ3-க்கு அந்தத் தொல்லை இல்லை.

(நடுவில் ஒரு பெருமை: சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழு "சக்தி" என்ற பிராசசரை உருவாக்கி 2018-ல் சில்லாக்கியது. விளையாட்டுக்கானது அல்ல. ஆனாலும் தமிழ்நாட்டில் வடிவமைத்தது.)

பையனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். பாடத்துக்குக் கோடிங், ராத்திரியில் வேலரண்ட். அப்பனுக்கு டேலியும் ஜி.எஸ்.டி.யும். டேலிக்கு எந்தப் பிராசசரும் போதும், அதற்கு எஸ்.எஸ்.டி. இருந்தால் பெரிய வித்தியாசம் தெரியும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கிற பிராசசர் பட்டியலில் 3770 கிடையாது. பேங்க் பாஸ்வேர்டும் ஜி.எஸ்.டி. லாகினும் இருக்கிற பெட்டியில் அதைப் போட்டு வைப்பது, கதவுக்குப் பூட்டு இல்லாத குடோனில் சரக்கு அடுக்குவது மாதிரி.

இதைச் சொன்னதும் அவன் மகனைத் திரும்பிப் பார்த்தான். "இதையேன்டா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னேன்ப்பா. நீங்க நம்பரையே புடிச்சுட்டிருந்தீங்க."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. என் வீட்டம்மா காப்பி கொண்டுவந்து வைத்தது நல்லதாயிற்று.

பையனுக்கும் ஒன்று சொன்னேன். அவன் எழுதி வைத்திருந்தது 12100எஃப். கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனியாகக் கார்டு போடாவிட்டால் திரையில் ஒன்றும் வராது. கார்டுக்கு இப்போது காசு இல்லையென்றால் எஃப் இல்லாததை எடு, அல்லது ஏ.எம்.டி.யில் பெயர்க் கடைசியில் ஜி போட்டதை எடு. அவற்றில் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, வேலரண்டுக்குத் தாங்கும். மெமரியை ஒற்றையாகப் போடாமல் இரண்டு ஸ்டிக்காகப் போடு. பெரிய விளையாட்டு ஆட ஆசை வந்தால் பிராசசரை மாற்றாதே, அடுத்த வருஷம் கார்டு வாங்கு. அதையும் தாங்குகிற மாதிரி பவர் சப்ளையை மட்டும் இப்போதே நல்லதாகப் போட்டுக்கொள். பையன் குறித்துக்கொண்டான்.

புறப்படும்போது அப்பன் கேட்டான், "அந்தக் கடைக்காரரு நம்மூருக்காரருதாங்க. எப்படிப் போய் வேண்டாங்கறது?" எந்த வருஷத்துச் சரக்கு என்று மட்டும் கேள், மற்றதை அவரே சொல்லிவிடுவார் என்றேன். கம்பெனியிலிருந்து போன மாச ஜாப் ஒர்க் பணம் வந்ததும் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

எடுத்ததும் பில்லை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு கண்ணு. அதில் ஐ3 என்று மட்டும் இருக்கக் கூடாது. பின்னால் வருகிற ஐந்து எண்ணும், எழுத்து இருந்தால் அதுவும் இருக்க வேண்டும்.