வாடகை டெக் முதல் ப்ளூ-ரே வரை

1980-களில் வட ஆற்காட்டுச் சிற்றூர்களில் வீட்டில் சினிமா பார்ப்பது ஒரு குடும்பத்தின் காரியமாக இருக்கவில்லை; தெருவே கூடிச் செய்யும் காரியமாக இருந்தது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா என்று ஏதாவது ஒரு காரணம் கிடைத்தால் போதும். டவுனிலிருந்து கலர் டிவியும் டெக் என்ற வீடியோ கேசட் பிளேயரும் ஓர் இரவு வாடகைக்கு வந்துவிடும். ஸ்டெபிலைசரையும் கேசட்டுகளையும் தூக்கிக்கொண்டு கடைப் பையன் ஒருவனும் கூடவே வருவான். திண்ணை மேல் டிவியை ஏற்றி வைத்து, கீழே பாய் விரித்து உட்கார்ந்தால் விடிய விடிய மூன்று படம். வாடகைப் பணம் வீணாகக் கூடாது என்பதற்காகவே தூக்கத்தைத் தள்ளிப் போட்டவர்கள் உண்டு.

அந்தப் படங்களின் தரம் எப்படி இருந்தது? விஎச்எஸ் நாடாவில் குறுக்குவாட்டில் ஏறத்தாழ 240 கோடு அளவுக்குத்தான் நுணுக்கம் பதியும். அதுவும் நல்ல கேசட்டில். கடைக்கு வந்ததோ நகலின் நகல். ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் நிறம் கரைந்து, முகங்களின் ஓரம் மங்கும். திரையின் அடியில் வெள்ளைக் கோடு ஓடினால் டிராக்கிங் குமிழைத் திருகுவார்கள். படம் மொத்தமாகப் பொரிந்தால் டெக்கைத் திறந்து ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஹெட்டைத் துடைப்பார்கள். நடிகர் யாரென்று தெரிந்து, வசனம் காதில் விழுந்தால் அது நல்ல பிரிண்ட்.

அத்தகைய ஊர்களில் ஒன்றான கலவை இன்று ராணிப்பேட்டை மாவட்டத்துப் பேரூராட்சி. ஆற்காட்டுக்குத் தென்கிழக்கே, நெல்லும் வேர்க்கடலையும் விளையும் நிலத்தின் நடுவே இருக்கிறது. 2019 நவம்பரில் புது மாவட்டம் பிரியும்வரை வேலூர் மாவட்டம். அதற்கும் முன்பு பழைய வட ஆற்காடு. மேற்கே ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழில் ஊர்கள் வரிசையாக நீள்கின்றன. பெரிய நகரங்களில் இறங்கிய பொருள்கள் இப்படிப்பட்ட ஊர்களுக்குச் சில ஆண்டுகள் தாமதமாக, விலை குறைந்த வடிவத்தில்தான் வந்து சேரும். வீட்டுச் சினிமாவின் வரலாறும் அப்படித்தான் நடந்தது. அந்த வரலாறு தெரிந்தால், உயர்ரக டிஸ்க் பிளேயர் ஒன்றுக்குப் பணம் செலவிடுவது எப்போது பொருளுள்ளது, எப்போது வீண் என்பதும் தெரிந்துவிடும்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. 1982 சுதந்திர தினத்தன்று தூர்தர்ஷன் கலருக்கு மாறியது. அதே ஆண்டு டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கலர் டிவி விற்பனை சூடு பிடித்தது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் விடுமுறையில் திரும்பும்போது நேஷனல் பேனசோனிக், அகாய், சோனி டெக்குகளைச் சுமந்து வந்தார்கள். மூலைக்கு மூலை வீடியோ காட்சிகள் முளைத்தன. கொட்டகைக்காரர்கள் கலங்கினார்கள். வீடியோவில் பொதுமக்களுக்குப் படம் போட உரிமம் வேண்டும் என்று தமிழக அரசு 1984-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

இந்தச் சந்தடிக்கெல்லாம் முன்பே அமெரிக்காவில் படம் டிஸ்க்கில் ஏறியிருந்தது. 1978 டிசம்பரில் அட்லாண்டா நகரில் லேசர்டிஸ்க் விற்பனைக்கு வந்தது. கிராமபோன் இசைத்தட்டின் அகலம், விஎச்எஸ்ஸைவிடத் தெளிவான படம். ஆனால் அது நம் ஊர்களை எட்டிப் பார்க்கவே இல்லை. இங்கே டிஸ்க் என்று மக்கள் கையில் வந்தது வீடியோ சிடிதான்.

1993-இல் பிலிப்ஸ், சோனி, மட்சுஷிட்டா, ஜேவிசி ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து வகுத்தது விசிடி. பாட்டுக்காகப் பிறந்த சிடிக்குள் 74 நிமிடப் படத்தைத் திணிக்க வேண்டும் என்பதால் தெளிவைப் பலிகொடுத்தார்கள். ஒரு காட்சிக்கு 352-க்கு 288 புள்ளிகள். வினாடிக்குப் படத்துக்கென்று 1.15 மெகாபிட். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் இரண்டு டிஸ்க்கிலோ மூன்றிலோ வரும். சண்டைக் காட்சியிலும் மழைக் காட்சியிலும் திரை கட்டம் கட்டமாக உடையும். ஆனாலும் மக்களுக்குப் பிடித்துப்போனது. நாடா சிக்குவதில்லை, ஹெட் துடைக்கும் வேலை இல்லை, வேண்டிய பாட்டுக்கு ஒரே தாவலில் போகலாம்.

சென்னை ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் சீன உதிரிப் பாகங்களில் கோத்த பிளேயர்கள் குவிந்தன. அவற்றை வாங்கியவர்கள் படத்தின் தெளிவைப் பார்த்து வாங்கவில்லை. கடைக்காரரிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: கீறல் விழுந்த சிடியை ஓட்டுமா? வாடகைக் கடையில் நூறு கை மாறி வந்த டிஸ்க்கைத் திக்காமல் ஓட்டுகிற மெஷின்தான் ஊரில் பேர் வாங்கியது.

படத்தைவிட ஒலிக்குத்தான் முதலில் பணம் போனது. 1995-இல் வந்த குருதிப்புனல் டால்பி ஸ்டீரியோ சரவுண்ட் ஒலியோடும், 1996-இல் வந்த கறுப்பு ரோஜா டிடிஎஸ் ஒலியோடும் வெளியாயின. தியேட்டரில் முதுகுக்குப் பின்னால் கேட்ட சத்தம் வீட்டிலும் கேட்க வேண்டும் என்ற ஆசை பரவியது. டவுன்களில் மெக்கானிக்குகள் ஐந்து ஸ்பீக்கர், ஒரு வூஃபர் வைத்து 5.1 ஆம்ப்ளிபயரைத் தாங்களே அசெம்பிள் செய்து கொடுத்தார்கள். சின்னஞ்சிறு டிவியோடு சுவர் அதிரும் வூஃபர் இருந்த வீடுகள் எத்தனையோ.

டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானில் அறிமுகமானது. ஒரே அடுக்கில் 4.7 ஜிபி, இரண்டு அடுக்கில் 8.5 ஜிபி. இந்தியா பின்பற்றிய பால் (PAL) ஒளிபரப்பு முறையில் காட்சிக்கு 720-க்கு 576 புள்ளிகள்; விசிடியைப்போல நான்கு மடங்கு. தமிழ்ப் படங்களின் நல்ல டிவிடிகளில் பல முதலில் வெளிநாட்டுத் தமிழர்களுக்காகத்தான் வந்தன. லண்டனின் ஐங்கரன் இன்டர்நேஷனல் அந்தச் சந்தையில் முன்னால் நின்ற பெயர். கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்த ஈழத்தமிழர் வீடுகளுக்குப் போன டிஸ்க்குகள் இங்கேயும் கை மாறி வந்து சேர்ந்தன.

பிளேயரின் தரம் உண்மையில் பேச ஆரம்பித்தது இங்கேதான். தமிழ் டிவிடிகளில் பல, அமெரிக்காவும் கனடாவும் பின்பற்றிய என்டிஎஸ்சி முறையில் இருந்தன. அதில் 480 வரிதான்; பாலைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. சினிமா வினாடிக்கு 24 காட்சி. பாலில் அதை 25-ஆக ஓட்டுவார்கள். படம் நாலு சதவீதம் வேகமாக ஓடி முடியும், சுருதியைத் திருத்தாவிட்டால் பாட்டும் கொஞ்சம் மேலே ஏறிவிடும். என்டிஎஸ்சியில் வேகம் மாறாது. ஒவ்வொரு காட்சியையும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதியாகப் பிரித்து, ஒன்றுக்கு இரண்டு தடவை, அடுத்ததற்கு மூன்று தடவை என்று மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். இந்த வரிசையைக் கண்டுபிடித்துப் பாதிகளைச் சரியாகச் சேர்த்து முழுக் காட்சியை மீட்பது நல்ல பிளேயரின் வேலை. மலிவு பிளேயர் தடுமாறும். சாய்ந்த கோடுகள் ரம்பப் பல்லாகத் தெரியும்.

நிறத்திலும் ஒரு வில்லங்கம் இருந்தது. டிவிடியில் வெளிச்ச விவரம் முழுதாகவும், நிற விவரம் கால் பங்காகவும் பதிவாகும். மீதியைப் பிளேயர்தான் கணக்கிட்டு நிரப்ப வேண்டும். அந்தக் கணக்கைப் பல பிளேயர்கள் தப்பாகப் போடுகின்றன என்று ஸ்டேசி ஸ்பியர்ஸ், டான் மன்சில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001-இல் படங்களோடு விளக்கினார்கள். விலையுயர்ந்த மெஷின்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. அடர்ந்த சிவப்பில்தான் குறை பளிச்சென்று தெரியும். தமிழ்ப் படத்தில் அதைப் பிடிக்க எளிய இடம் அரக்குச் சேலையின் கரை. நல்ல பிளேயரில் கரை வழுவழுப்பாக இறங்கும். குறையுள்ளதில் படுக்கைக் கோடுகளாகச் சிதறும்.

ஆனால் பெரும்பாலான வீடுகளில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியவில்லை. 2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கியது. 14 அங்குலத் திரை, மஞ்சள் ஒயர் வழியே படம். அந்த ஒயரில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்துதான் போகும். விசிடியின் குறைகளை அந்தச் சின்னத் திரை மூடி மறைத்தது. பிறகு 32 அங்குல எல்சிடி வீட்டுக்குள் வந்தபோது, அதே டிஸ்க், அதே பிளேயர், ஆனால் படம் கண்ணை உறுத்தியது. பலரும் புது டிவியைத்தான் குறை சொன்னார்கள்.

2007-இல் மோசர் பேர் வந்தது. உலகின் பெரிய டிஸ்க் உற்பத்தியாளர்களில் ஒன்றான அந்த இந்திய நிறுவனம் படங்களின் உரிமையை வாங்கி, விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது. தமிழ்ப் படங்கள் அதன் முதல் வரிசையிலேயே இருந்தன. திருட்டு விசிடி விற்பவர்களைக் குண்டர் சட்டத்தில் அடைக்க 2004-இலேயே தமிழக அரசு வழி செய்திருந்தும் அடங்காத தொழிலை, விலையாலேயே சமாளிக்க நடந்த முயற்சி அது. மளிகைக் கடையிலும் பேருந்து நிலையப் பெட்டிக் கடையிலும் ஒரிஜினல் டிஸ்க் தொங்கியது. சினிமாவை நேசித்த எளிய குடும்பங்களுக்கு அது கௌரவமான ஒரு வாய்ப்பு.

தரம் மட்டும் விலைக்குத் தக்கபடி இறங்கிப்போனது. ஒரு டிவிடியில் மூன்று படம் என்று உறையில் போட்டால் வாங்குபவருக்கு மகிழ்ச்சி. கணக்குப் போட்டுப் பார்த்தால் சங்கதி வேறு. இரண்டரை மணி நேரப் படம் ஒன்று 4.7 ஜிபி முழுவதையும் எடுத்துக்கொண்டால் வினாடிக்குச் சராசரி 4.2 மெகாபிட் கிடைக்கும். அதே டிஸ்க்கில் மூன்று படத்தை அடைத்தால், ஒலியையும் சேர்த்தே 1.4 மெகாபிட். அதாவது விசிடியின் அளவுக்கே திரும்பி வந்துவிடுகிறோம். பால் நாடாவிலிருந்து என்டிஎஸ்சிக்கு அவசரமாக மாற்றி, பக்கத்துப் பக்கத்துக் காட்சிகள் ஒன்றன்மேல் ஒன்று நிழலாடும் டிஸ்க்குகளும் வந்தன. அப்படிப்பட்ட டிஸ்க்கை லட்ச ரூபாய் பிளேயராலும் காப்பாற்ற முடியாது. டிஸ்க்கில் பதியாத விவரத்தைப் பிளேயர் எங்கிருந்து கொண்டுவரும்?

2015 மார்ச்சில் இயக்குநர் சேரன் தம் 'ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தைத் தியேட்டருக்கு முன்பே 50 ரூபாய் டிவிடியாக வீடுகளுக்கு அனுப்பினார். சி2எச் என்ற அந்த ஏற்பாடு துணிச்சலானது, நீடிக்கவில்லை. 2016 ஜனவரியில் நெட்பிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தது, செப்டம்பரில் ஜியோ வந்தது. சிடி கடைகள் மொபைல் ரீசார்ஜ் கடைகளாயின. 2018-இல் மோசர் பேரைக் கலைக்க உத்தரவானது.

டிஸ்க்கின் தொழில்நுட்பம் உச்சத்துக்குப் போனதும் இதே காலத்தில்தான். 2006-இல் வந்த ப்ளூ-ரே ஊதா லேசரால் ஓர் அடுக்கில் 25 ஜிபியைப் படித்தது. 1080 வரி, வினாடிக்கு 24 காட்சி, வெட்டும் ஒட்டும் இல்லாமல். ஐங்கரன் தமிழ்ப் படங்களையும் அதில் வெளியிட்டது. 2016-இல் வந்த 4கே ப்ளூ-ரே வினாடிக்கு 128 மெகாபிட் வரை தரும். இணையத்தில் வரும் 4கே படம் பொதுவாக அதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடத் தொடுவதில்லை. கலிஃபோர்னியாவின் ஓப்போ டிஜிட்டல் செய்த பிளேயர்களை ரசிகர்கள் தேடி வாங்கினார்கள். அந்த நிறுவனமும் 2018 ஏப்ரலில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2019-இல் சாம்சங் அமெரிக்கச் சந்தைக்குப் புதிய ப்ளூ-ரே பிளேயர்களைக் கொண்டுவருவதில்லை என்று முடிவெடுத்தது. பேனசோனிக்கின் யுபி820, யுபி9000 போன்ற சில மாடல்களைத்தான் இன்று தேர்வுக்குரியவை என்று சொல்ல முடிகிறது.

இன்று ஒருவர் உயர்ரக பிளேயர் வாங்க நினைத்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ப்ளூ-ரே டிஸ்க்கை எச்டிஎம்ஐ ஒயர் வழியே பார்க்கும்போது, சரியாக இயங்கும் மலிவு பிளேயருக்கும் விலையுயர்ந்ததற்கும் படத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. அதில் பெரும்பாலும் பயன்படும் சுருக்க முறையை எல்லா மெஷின்களும் ஒரே விடை வரும்படிதான் பிரிக்க வேண்டும். 4கே டிஸ்க்கில், டிவியின் வெளிச்ச வரம்புக்கு ஏற்பப் படத்தைச் சரிப்படுத்தும் இடத்தில் நல்ல பிளேயர் உதவும். பழைய டிவிடியில்தான் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமாகத் தெரியும்: பாதிகளைச் சேர்ப்பது, நிறத்தை நிரப்புவது, 480 வரியைப் பெரிய திரைக்கு விரிப்பது எல்லாமே பிளேயரின் மூளையைப் பொறுத்தவை. ஆக, தமிழ்ப் படம் பார்ப்பவருக்கு நல்ல பிளேயர் தேவைப்படுவது புதுப் படத்துக்காக அல்ல, பழைய படத்துக்காக.

பழைய தமிழ்ப் படங்களில் பல, வீட்டுக்கு வந்த வடிவங்களில் டிவிடியைத் தாண்டவே இல்லை. 1964-இன் கர்ணன் செப்பனிடப்பட்டு 2012-இல் மறுபடி திரைக்கு வந்ததுபோல் எல்லாப் படத்துக்கும் அமைந்துவிடாது. மலிவு டிஸ்க்குகளின் கூட்டத்தில், ஒரு படத்துக்கு இரண்டு அடுக்கு முழுவதையும் கொடுத்த நல்ல பதிப்புகளும் கலந்து கிடக்கின்றன. உரிமை கை மாறியோ நெகடிவ் கெட்டோ போன படத்துக்கு அந்தப் பதிப்பே எஞ்சிய சிறந்த பிரதியாக இருக்கக்கூடும்.

புத்தகங்களைக் காக்க ஒரு வழி உண்டு: இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும் என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. படம் பதித்த டிஸ்க்குக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. வேலூரிலும் ஆம்பூரிலும் கலவையிலும் மூடிய சிடி கடைகளின் சரக்கு பழைய பிளாஸ்டிக் எடைக்குப் போகும் முன், அவற்றைத் தரம் பிரித்துச் சேர்க்கவும், படிக்கத் தெரிந்த நல்ல பிளேயர்கள் சிலவற்றைப் பழுது பார்த்து வைத்திருக்கவும் தமிழக நூலகத் துறையோ ஒரு பல்கலைக்கழகமோ முன்வர வேண்டும். புதிய பிளேயர்களும் உதிரிப் பாகங்களும் கிடைக்கும் காலம் குறுகிக்கொண்டே வருவதால், இதைத் தள்ளிப் போட நேரமில்லை.