படத்தில் இல்லாத மதுரை

தில்லியில் குடியிருக்கும் நம்மவர் வீடுகளில் மதுரைக் கோபுரங்களின் படம் தொங்காத சுவர் குறைவு. ஒருநாள் நம் வீட்டுச் சிறுவன் நாட்காட்டியிலிருந்த அப்படத்தைக் காட்டி, “அப்பா, இதில் நம் வீடு எங்கே இருக்கிறது?” என்று வினவினான். விடை கூற இயலாது விழித்தோம்.

சென்னை மாகாண அரசாங்கத்தின் புகைப்படக் கலைஞராயிருந்த லின்னேயஸ் டிரைப் என்பார் 1858-ஆம் ஆண்டில் மதுரையைப் படமெடுத்தார். அக்காலத்தில் ஒரு படம் பதிய நெடுநேரம் ஒளி விழ வேண்டும். நடமாடுவோர் உருவம் பதியாது. ஆதலின் அவர் எடுத்த படங்களில் புது மண்டபம் ஆளரவமற்று நிற்கிறது. அது கருவியின் குறை. சுற்றுலா விளம்பரங்களோ அதனையே அழகென்று கொண்டன. 1875-இல் இருப்புப்பாதை மதுரையை எட்டிய பின்னர், தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் படங்களுடன் வழிகாட்டி நூல்களை வெளியிட்டனர். தூரத்திலிருந்து வருவோர்க்குக் கோபுரமே ஊராயிற்று. ‘கோயில் மாநகர்’ என்ற தொடரை நாமும் எத்தனையோ முறை மொழிபெயர்த்திருக்கிறோம். விடுமுறைக்குப் புறப்படும் மதுரைக்காரர் எவரும் அப்படிச் சொல்லக் கேட்டதில்லை. ‘ஊருக்குப் போகிறோம்’ என்பதோடு சரி.

ஊரார் அறிந்த மதுரை தெருக்களால் ஆனது. கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என மாதப் பெயர் தாங்கிய வீதிகள் ஒன்றையொன்று சூழ்ந்திருக்கின்றன. அவற்றிற்கப்பால் ஒரு காலத்தில் கோட்டை மதிலும் அகழியும் இருந்தன. ஊர் நெருக்கடியால் திணறவே, 1840-ஆம் ஆண்டை ஒட்டிக் கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடிக்க முற்பட்டார். இடித்து அகழியைத் தூர்த்தவர்களுக்கு அந்நிலம் மனையாகக் கிடைத்தது. நில அளவையாளர் மாரெட், மேற்பார்வை பார்த்த பெருமாள் மேஸ்திரி ஆகிய இருவர் பெயராலும் வீதிகள் எழுந்தன. வெளிப்புறத்தில் வெளி வீதிகள் அமைந்தன. மன்னர் பெயரோ தெய்வத்தின் பெயரோ அன்று, வேலை வாங்கிய ஒரு மேஸ்திரியின் பெயர் இன்றும் வழங்குகிறது! பிளாக்பர்ன் நினைவாக ஊரார் நாட்டிய விளக்குத்தூணை டிரைப் படமெடுத்தார். பிற்கால விளம்பரத் தாள்களில் அதனை நாம் கண்டதில்லை. மதுரையிலோ, வழி கேட்டால் ‘விளக்குத்தூண் பக்கம்’ என்றே கை காட்டுவர்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கோபுரத்தின் படத்தைக் கண்டு வரும் பயணி, ரயிலை விட்டிறங்கி இரவு தங்குவது பெரும்பாலும் விடுதிகள் மலிந்த மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில்தான்.

நாட்காட்டித் தாளைத் திருப்பி அதன் பின்புறத்தில் சதுரத்திற்குள் சதுரமாக வீதிகளை வரைந்தோம். மேற்குப் பக்கத்தில், வெளி வீதிக்கு உட்புறமாக ஒரு புள்ளி வைத்தோம்.

“அந்த வீட்டிலிருந்து கோபுரம் தெரியுமா அப்பா?”

“மொட்டை மாடிக்குப் போனால் தெரியும்” என்றோம்.